நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பவர்கள்

தமிழ்நாட்டில் ஒரு மதுக்கடை எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்பதைப் பெரும்பாலும் ஒரே ஒரு விதிதான் முடிவு செய்கிறது. 2003ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட சில்லறை மது விற்பனை விதிகளில் எட்டாவது விதி. மாநகராட்சி, நகராட்சி என்றால் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம், கல்லூரி இவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மற்ற ஊர்களில் 100 மீட்டர். வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று நகரமைப்பு அதிகாரிகள் வகைப்படுத்திய இடமாக இருந்தால் அந்தத் தூரமும் வேண்டியதில்லை. கடை வந்த பிறகு பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் முளைத்தால், அதற்காகக் கடை நகர வேண்டியதும் இல்லை.

இவ்வளவுதான். பஸ் ஸ்டாப் அதில் கிடையாது. ரேஷன் கடை கிடையாது. பெண்கள் தங்கும் விடுதி கிடையாது. ராத்திரி வேலை முடிந்து நடந்து வருகிற பாதை கிடையாது. சுற்றிலும் குடியிருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதும் கிடையாது. அந்த ஒரு வார்த்தைக்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த விதியை நான் தேடிப் படித்தது 2017இல், திருப்பூர் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊராட்சிக்கு ஒரு கடை இடம்பெயர்ந்து வந்தபோது. அது ஏன் இடம்பெயர்ந்தது என்பதற்கு டெல்லி வரை போக வேண்டும்.

2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை இரண்டின் ஓரத்திலிருந்தும் 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது, இருக்கும் உரிமங்கள் 2017 மார்ச் 31க்கு மேல் செல்லாது என்பது உத்தரவு. இந்த வழக்கின் வேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. வழக்கறிஞர் க. பாலு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு அது. தமிழக அரசு மேல்முறையீட்டுக்குப் போக, நாடு முழுவதற்குமான தீர்ப்பாக அது வந்து நின்றது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி நடக்கும் விபத்துகளைக் குறைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. எங்கள் பகுதி நெடுஞ்சாலையில் எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கிறோம்.

கெடு முடியும் மார்ச் 31 அன்றே, 20,000 பேர் வரை மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிகளுக்கு மட்டும் 500 மீட்டர் என்பதை 220 மீட்டராகக் குறைத்தார்கள். சிக்கிமுக்கும் மேகாலயாவுக்கும் விலக்கு கிடைத்தது. ஏப்ரல் பிறந்ததும் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன.

அடுத்து நடந்ததுதான் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. சண்டிகரில் சாலைகளின் வகையை மாற்றினார்கள். தமிழ்நாட்டிலும் நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக மாற்றும் முயற்சி நடந்து, அது உயர் நீதிமன்றத்துக்கு வழக்காகப் போனது. கேரளத்தின் வடக்குப் பரவூரில் ஒரு பார், வாசலுக்கு முன்னால் வளைந்து வளைந்து போகும் நடைபாதை கட்டி, நடக்கும் தூரத்தைக் கூட்டிக் காட்டியது. கட்டடம் அங்கேயேதான் இருந்தது. அளவுநாடாவுக்கு மட்டும் பாதை நீண்டுவிட்டது. மீட்டரை மட்டும் நம்பி எழுதும் சட்டத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் மூடிய கடைகளுக்கு மாற்று இடம் தேடினார்கள். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளினால் என்ன வரும்? ஊர் வரும். வீடுகள் வரும். தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் காலனிகள் வரும். பெண்கள் குடத்தையும் விளக்குமாறையும் எடுத்துக்கொண்டு கடை முன்னால் உட்கார்ந்த அந்த ஏப்ரலும் மே மாதமும் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் மாவட்டத்துச் சாமளாபுரத்தில் ஏப்ரல் 11 அன்று போராடிய பெண்ணைக் காவல்துறை அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்த வீடியோவை நாடே பார்த்தது. அந்தப் பெண் கேட்டது மதுவிலக்கு கூட இல்லை. இங்கே வேண்டாம் என்றுதான் கேட்டார்.

எங்கள் ஊருக்கு வந்த கடை ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட கட்டடத்தில் திறந்தது. பள்ளிக்கூடம் தூரத்தில் இருந்தது. மாகாளியம்மன் கோயில் இன்னும் தூரம். ஆனால் பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே. பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் இறங்கும் ஸ்டாப் அது. திருப்பூர்க்காரர்களுக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் தெரியும். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரைக்கு விடுவார்கள். பஸ் பிடித்து வந்து இறங்கும்போது ஒன்பது, ஒன்பதே கால். கடை பத்து மணி வரை. அதாவது கடையில் கூட்டம் நெரியும் நேரமும், எங்கள் பெண்கள் வந்து இறங்கும் நேரமும் ஒன்று.

யாரும் யாரையும் கையைப் பிடித்து இழுத்துவிடவில்லை. ஆனால் ரோட்டை மறித்து நிற்கும் வண்டிகள், காலில் மிதிபடும் பிளாஸ்டிக் டம்ளர், இருட்டிலிருந்து வரும் பேச்சு, கல்யாணமாகாத பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல். இதற்கெல்லாம் எந்த ஸ்டேஷனில் என்ன வழக்குக் கொடுப்பது? பெண்கள் முந்தைய ஸ்டாப்பிலேயே இறங்கி, நான்கைந்து பேராகச் சேர்ந்து காட்டு வழியாக நடந்து வந்தார்கள். சில வீடுகளில் பெண்பிள்ளைகளை ஒன்றரை ஷிப்டுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு ஷிப்டோடு வந்துவிடு, சம்பளம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும் என்றார்கள். அந்தக் கொஞ்சம் என்பது அரை நாள் கூலி. வாரக் கூலி வாங்கும் வீட்டில் சீட்டுப் பணமும் டியூஷன் பீசும் அந்த அரை ஷிப்டில்தான் இருக்கிறது. ஒரு மதுக்கடையால் ஒரு குடும்பத்துக்கு என்ன நஷ்டம் என்று யாராவது கணக்குப் போட்டால், குடிக்கிறவர் செலவழிப்பதை மட்டும்தான் எழுதுவார்கள். யாரும் குடிக்காத வீட்டில் நின்றுபோன இந்த அரை ஷிப்ட் எந்தக் கணக்கிலும் வராது.

மனு எழுதினோம். எதிர்வீட்டு அக்கா வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். என் அண்ணன் குடிப்பவர். அவரும் கையெழுத்துப் போட்டார். "நான் எங்க வேணாலும் போய்க் குடிச்சுக்கறேன் கண்ணு, இந்த எடத்துல வேண்டாம்" என்றார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அளக்க வந்தார்கள். அளவெடுத்தவர் மரியாதையானவர், எங்கள் பக்கத்துப் பெண்களைப் பார்த்து அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "நூறு மீட்டருக்கு மேல இருக்குதுங்கம்மா. விதிப்படி தப்பு எதுவும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மை. அவர் கையில் இருந்த சட்டத்தில் வேறு எந்தக் கேள்வியும் இல்லை.

சட்டம் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். இன்றைக்குக் கடை நடத்த உரிமம் தரும் சட்டம், மது கூடாது என்று 1937இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த அதே சட்டம்தான். அந்த வருடம் அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதலில் அமலுக்கு வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் கருணாநிதி அரசு அதைத் தள்ளிவைத்தது, பிறகு அதே அரசு திரும்பக் கொண்டுவந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு மறுபடி விற்பனையை அனுமதித்தது. 1983இல் மொத்த வியாபாரத்துக்காக டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. சில்லறைக் கடைகள் தனியாரிடம் இருந்தன. ஏலமும் கூட்டுச் சதியும் அதைச் சுற்றிய அடாவடியும் அந்தக் காலத்துக் கதை.

பெரிய திருப்பம் 2003. ஜெயலலிதா அரசு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, சில்லறை விற்பனை உரிமையை முழுக்க டாஸ்மாக்குக்கே கொடுத்தது. அந்த வருடம் நவம்பர் 29 முதல் அரசு கடை வைத்து விற்கிறது. இந்தத் திருத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வருமானத்தைத்தான் சொல்வார்கள். சரி, அதுவும் பெரிய விஷயம்தான். 2003-04இல் 3,600 கோடி ரூபாய் சொச்சமாக இருந்தது, 2023-24இல் 45,855 கோடியைத் தாண்டியது. என் பார்வையில் அதைவிடப் பெரியது இன்னொன்று. உரிமம் தருவதும் அரசு, மொத்தமாக வாங்குவதும் அரசு, கடை போடுவதும் அரசு, கடையைப் பற்றி வரும் புகாரை விசாரிப்பதும் அரசு. தனியார் கடைக்காரர் இருந்தவரை, கடைக்கும் ஊருக்கும் தகராறு என்றால் தீர்த்துவைக்க அரசு என்ற மூன்றாவது ஆள் இருந்தார். 2003க்குப் பிறகு அந்த மூன்றாவது ஆள் இல்லை. எங்கள் மனுவை வாங்கியவரும் அரசுதான், மனுவில் எதிராளியும் அரசுதான்.

கடைக்குள் நிற்கும் ஊழியர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பலர் பட்டதாரிகள், தொகுப்பூதியத்தில் காலம் தள்ளுகிறவர்கள். ராத்திரி வசூல் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு தோப்பு ஓரமாகத் தனியாகப் போகிறவர்களுக்கும் எங்கள் பெண்களுக்கு இருக்கும் பயம்தான். கடை எங்கே இருக்க வேண்டும் என்று அவர்களையும் யாரும் கேட்டதில்லை.

இந்த இருபது வருடத்தில் சட்டமும் விதிகளும் அடிக்கடி மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. 2016இல் 500 கடைகளை மூடினார்கள், காலை பத்து மணிக்குத் திறந்ததைப் பகல் பன்னிரண்டாக மாற்றினார்கள். 2017இல் இன்னொரு 500. 2023 ஜூன் 22 அன்று இன்னொரு 500, அதற்குப் பிறகு மிச்சம் 4,829 கடை. அந்த 500 மூடிய பிறகும் வருமானம் முந்தைய வருடத்தைவிடக் கூடியது. அதே 2023இல் திருமண மண்டபம், விளையாட்டு மைதானம், மாநாட்டு அரங்கம் ஆகியவற்றில் மது பரிமாறத் தனி உரிமம் என்று விதியைத் திருத்தினார்கள். எதிர்ப்பு வெடித்ததும் திருமண மண்டபத்தை மட்டும் பின்வாங்கினார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்த மாதக் கடைசியிலேயே சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்று ஆக்கினார்கள்.

நேரம் மாறியிருக்கிறது, எண்ணிக்கை மாறியிருக்கிறது, தண்டனை மாறியிருக்கிறது. எட்டாவது விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

நெடுஞ்சாலைத் தீர்ப்பும் பிறகு தளர்ந்தது. 2017 ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே விளக்கியது. 2018இல் ஊராட்சிப் பகுதிகள் விஷயத்தையும் மாநில அரசுகளின் முடிவுக்கு விட்டது. எங்கள் பெண்களை வேறு ஸ்டாப்பில் இறங்க வைத்த அந்த 220 மீட்டர் இப்படித்தான் ஒன்றரை வருடத்துக்குள் கரைந்துபோனது. தோப்போரக் கடை மட்டும் நகரவில்லை.

சட்டத்தில் எங்களுக்கு இருந்த ஒரே வாசல் கிராம சபை என்று நினைத்தோம். எங்கள் ஊரில் தீர்மானம் போட்டோம், தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் போட்டிருக்கிறார்கள். ஆனால் கிராம சபை வேண்டாம் என்று சொன்னால் கடையை மூடியே ஆக வேண்டும் என்று மதுவிலக்குச் சட்டத்திலோ 2003 விதிகளிலோ ஒரு வரி இல்லை. தீர்மானம் மனுவோடு இணைக்கும் ஒரு தாளாகப் போய்விடுகிறது. இன்னொன்றையும் கவனித்தேன். 2022 வரை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில்தான் வழக்கமாகக் கிராம சபை கூடியது. அந்த நான்கு நாட்களும் டாஸ்மாக்குக்கு விடுமுறை. அந்த நாட்களில் கூட்டம் நடக்கும்போது கடை பூட்டியிருக்கும், தெரு அமைதியாக இருக்கும். பார்வையாளராக வரும் அதிகாரி அந்த அமைதியைத்தான் பார்த்துவிட்டுப் போவார்.

வேறு மாநிலங்களில் எப்படி என்று தேடியபோது மகாராஷ்டிரத்தின் ஏற்பாடு கிடைத்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே 2008இல் ஓர் உத்தரவு கொண்டுவந்தார்கள். ஒரு கிராமத்திலோ வார்டிலோ இருக்கும் பெண் வாக்காளர்களில் கால்வாசிப் பேர் கையெழுத்திட்டுக் கடை வேண்டாம் என்று கேட்டால், அதிகாரிகள் அந்தக் கையெழுத்துகளைச் சரிபார்த்துவிட்டு ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்குச்சீட்டில் இரண்டு படம். நிற்கும் பாட்டிலுக்குப் போட்டால் கடை இருக்கலாம், படுத்த பாட்டிலுக்குப் போட்டால் கடை மூட வேண்டும். பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்கு விழுந்தால் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடக் குத்திவிட்டு வரலாம்.

அது சுலபமாக நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் என்பது வந்து வாக்களித்தவர்களில் பாதி அல்ல, பட்டியலில் இருக்கும் மொத்தப் பெண்களில் பாதி. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண், கரும்பு வெட்டப் போன பெண், இறந்தும் பெயர் நீக்கப்படாத பெண் எல்லோரும் கடைக்குச் சாதகமாக வாக்களித்ததாகவே கணக்கு. வாக்கெடுப்புக்கு முன்னால் பணமும் மிரட்டலும் வரும். ஒரு கடையை மூடினால் பக்கத்து ஊர்க் கடைக்குப் போவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனாலும் அங்கே ஒரு பெண் போய் நின்று, என் தெருவில் இது வேண்டாம் என்று சொன்னால், அந்தச் சொல்லை எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எங்களிடம் அளவுநாடா மட்டும்தான் இருக்கிறது.

கேரளத்தில் இந்த அதிகாரம் உள்ளாட்சிகளிடமே இருந்தது. ஊராட்சியோ நகராட்சியோ ஆட்சேபணை இல்லை என்று சொன்னால்தான் கடை திறக்க முடியும். 2017இல் அவசரச் சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஊருக்குக் கடை வந்த அதே வருடம், பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் தங்களிடம் இருந்த உரிமையை இழந்தார்கள். மத்தியச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டின் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம், மதுவைத் தடுக்கவும் ஒழுங்குபடுத்தவும் கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் தரச் சொல்கிறது. அது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இல்லை, நம் மலைவாழ் மக்களுக்கும் அந்த உரிமை வந்து சேரவில்லை.

நான் முழு மதுவிலக்கு கேட்கவில்லை. மதுவுக்கு எதிராகப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் கேட்டார். 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தின் மேல் ஏறிப் போராடி உயிரை விட்டார். அவர் அன்று கேட்டதும் அந்த ஊரில் இருந்த ஒரு கடையை அகற்றச் சொல்லித்தான். ஒரு கடையை இடம் மாற்றக் கேட்க ஒரு மனிதர் கோபுரம் ஏற வேண்டியிருந்தது என்றால், கேட்பதற்கு வேறு படிக்கட்டு அவருக்கு வைக்கப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

மொத்தமாக மூடினால் கருணாபுரங்கள் பெருகும் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த வாதத்தைக் காட்டி, எந்தக் கடையும் எந்தத் தெருவுக்கும் வரலாம் என்பதை ஏற்க முடியாது. கடை இருக்கட்டும், எங்கே என்பதை ஊரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள் என்பதில் கள்ளச்சாராயத்துக்கு எந்த வேலையும் இல்லை. வருமானம் போய்விடும் என்பதும் நிற்காது. 500 கடைகள் மூடியும் வருமானம் ஏறியதை அரசின் கணக்கே காட்டுகிறது.

எட்டாவது விதியோடு சேர்க்க வேண்டியது இரண்டே பிரிவுகள். புதிய கடை திறப்பதற்கோ இடம் மாற்றுவதற்கோ முன்னால், அந்த ஊராட்சியிலோ வார்டிலோ அறிவிப்பு ஒட்டி, முப்பது நாள் ஆட்சேபணை கேட்டு, வந்த ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும். இருக்கும் கடை வேண்டாம் என்று பெண் வாக்காளர்களில் கால்வாசிப் பேர் கேட்டால் ரகசிய வாக்கெடுப்பு நடத்தி, வந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மையை எடுத்துக்கொள்ள வேண்டும். புகாரை விசாரிப்பது மதுவிற்பனையோடு சம்பந்தமில்லாத ஒருவராக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தால் நல்லது, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி போல.

அது வரும்வரை, உங்கள் ஊரிலும் இதே கதை என்றால் செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். கிராம சபையில் வாயால் பேசிவிட்டு வராதீர்கள். தீர்மானத்தை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக் கொண்டுபோய், தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதன் நகலை முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். மனுவில் தூரத்தை மட்டும் எழுதாமல், எந்த பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை பெண்கள் இறங்குகிறார்கள், விளக்கு எந்தக் கம்பத்தோடு முடிகிறது என்று எழுதுங்கள். படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் விடுமுறை நாளை விட்டுவிட்டு, சம்பள நாளான சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு எடுங்கள்.